ஆசிரியரைப் பாராட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒக்டோபர் 6ஆந் திகதி ஆசிரியர் தினம். செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே எங்கள் வன்னிப் பாடசாலைகளில் அதற்கான ஆயத்தம் தொடங்கிவிடும். உயர்தர வகுப்பு மாணவர்களும், புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியர்களும், பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகளும் கூடி நிகழ்ச்சி நிரல் எழுதுவதைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் திரும்பி வருவது தெரிகிறது. பெயரைப் பிழையாக அச்சிடுவது, ஒருவரை மேடைக்கு அழைக்க மறப்பது போன்றவற்றை இங்கே எடுத்துப் பேசப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமே திருந்திவிடும். திருந்தாமல் ஆண்டுதோறும் நிலைப்பவை வேறு. நீண்டகாலம் கற்பித்தவள் என்ற முறையிலும், பல சேவைநயப்பு விழாக்களின் ஒழுங்கமைப்பில் நின்றவள் என்ற முறையிலும் அவற்றை எழுதுகிறேன்.

எவருக்கும் பொருந்தும் வாழ்த்துமடல்

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் மடல் எழுத வேண்டும் என்ற நினைவு வரும். உடனே அச்சகத்துக்குப் போவார்கள். சென்ற ஆண்டு யாருக்கோ அடித்த மடல் அங்கே கணினியில் இருக்கும். பெயரை மாற்றிக் கொடுத்தால் மாலைக்குள் சட்டம் போட்டு வந்துவிடும். ‘அறியாமை இருள் அகற்றிய அணையா விளக்கே’, ‘தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தியே’, ‘ஏற்றிவிட்ட ஏணியே’ என்று அடுக்கிக்கொண்டு போய்ப் ‘பல்லாண்டு வாழ்க’ என்று முடியும். மாங்குளத்தில் படிப்பித்தவருக்கும் மன்னாரில் படிப்பித்தவருக்கும், கணிதம் படிப்பித்தவருக்கும் சங்கீதம் படிப்பித்தவருக்கும், உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் அந்த வரிகள் ஒரே மாதிரிப் பொருந்தும். உழைக்காதவருக்கும் பொருந்துகிற ஒரு பாராட்டு, உழைத்தவரின் காதில் எப்படி விழும் என்பதை எழுதுகிறவர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

ஏ9 வீதியிலிருந்து உள்ளே வெகுதூரம் போகவேண்டிய ஒரு பாடசாலைக்கு, மீள்குடியேற்றத்தின் பின் விஞ்ஞானம் கற்பிக்க ஓர் ஆசிரியை வந்தார். அப்போது அங்கே ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு மேசைகூட இல்லை. அவர் பிள்ளைகளைக் கொண்டு வேலியோரத்துச் செவ்வரத்தம்பூக்களைப் பறிப்பித்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, வெட்டிய தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி வைப்பார். ஒன்றில் தேசிக்காய்ப் புளியை விட்டால் சாறு நன்றாகச் சிவக்கும். மற்றதில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை விட்டால் பச்சையாகும். அமிலமும் காரமும் எவை என்பதைப் பார்த்துப் படித்த அந்தப் பிள்ளைகள் அதைப் பரீட்சை முடிந்த பிறகும் மறக்கவில்லை. அதே பிள்ளைகள் வளர்ந்து, அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது பிரியாவிடை ஒழுங்கு செய்தார்கள். மடலை ஒருவர் உருக்கமாக வாசித்தார். மூன்றாவது பந்தியில் ‘முத்தமிழ் அமுதைப் பருகத் தந்தவரே’ என்று வந்தது. முன்னர் ஓய்வுபெற்றுப் போன தமிழாசிரியருக்கு எழுதிய வரி அது; எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியை சிரித்த முகத்தோடு மடலை வாங்கி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ரீச்சர், அந்தச் செவ்வரத்தம்பூவை ஒரு பிள்ளையும் சொல்லேல்லையே?” அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் மேடையில் யாராவது ‘அணையா விளக்கே’ என்று தொடங்கினால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும். கோபமும் கூடவே வரும். பிள்ளைகளுக்கு நன்றியுணர்ச்சி இல்லாமல் இருந்ததில்லை. அன்று பின்வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சாற்றின் நிறம் தெரியும். தெரிந்ததை எழுதாமல் வாடகைச் சொற்களை எடுத்ததுதான் பிழை.

இந்தப் பிழை மற்ற இடங்களைவிட வன்னியில் கூடுதலான இழப்பைத் தருகிறது. 2008இலும் 2009இலும் மேற்கிலிருந்து கிழக்காக ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ பாடசாலைகள் தங்கள் சம்பவத்திரட்டுப் புத்தகங்களையும் வரவு இடாப்புகளையும் நிழற்படங்களையும் இழந்தன. தருமபுரத்திலும் விசுவமடுவிலும் மரநிழலில் வகுப்பு எடுத்தவர் யார், பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொட்டகைக்குள் பிள்ளைகளை இருத்திப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தவர் யார், 2010இல் கூரையில்லாத கட்டடத்தைத் துப்புரவு செய்து முதல் மணி அடித்தவர் யார் என்பதற்கு அலுவலக ஆவணம் பல இடங்களில் கிடையாது. அந்த ஆசிரியர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அவர்களுக்கு எழுதப்படும் மடலும், மணிவிழா மலரில் வரும் கட்டுரையும்தான் அந்தப் பாடசாலைகளின் வரலாறாக எஞ்சப்போகின்றன. அந்தப் பக்கத்தை மெழுகுவர்த்திக்கும் ஏணிக்கும் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் பிள்ளைக்கு வாசித்து அறிய ஒன்றும் இருக்காது.

சரியாக எழுதுவதற்குப் புலமை வேண்டியதில்லை. அந்த ஆசிரியரிடம் படித்த ஐந்தாறு பேரைத் தனித்தனியே கேளுங்கள்: அவர் நடத்திய எந்தப் பாடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, பின்தங்கிய பிள்ளையை அவர் எப்படி நடத்தினார், அவர் வரும் முன் பாடசாலையில் இல்லாதது எது இப்போது இருக்கிறது? மறுமொழிகளைக் கேட்டபடியே எழுதுங்கள். பேச்சுத்தமிழில் வந்தால் அப்படியே விடுங்கள். எனக்குத் தெரிந்த கணித ஆசிரியர் ஒருவர், தன் நாட்குறிப்புப் புத்தகத்துக்குள் அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஓர் அரைத்தாளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். ‘சேர், நீங்கள் நுங்கை வெட்டி மூன்று கண்ணில் ஒரு கண்ணைத் தோண்டித் தந்து இதுதான் மூன்றில் ஒன்று எண்டு சொன்னதாலை எனக்குப் பின்னம் விளங்கினது’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். அவர் வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட மடல்கள் பல தொங்குகின்றன. ஆனால் கேட்பவர்களுக்கு அவர் எடுத்துக் காட்டுவது அந்த அரைத்தாளைத்தான்.

பிள்ளைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தல்

ஆசிரியர் தினம் வரும் காலம் எது என்பதை முதலில் நினைக்க வேண்டும். ஒக்டோபரில் காலபோக விதைப்புக்கு வயல் உழுகிறார்கள். விதைநெல்லுக்கும் உழவுக்கும் கையில் இருந்ததெல்லாம் போயிருக்கும். இருந்த நகை அடகுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் வகுப்புத் தலைவன் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்தவருக்குச் சரி போட்டு, கொடுக்காதவரின் பெயரைச் சத்தமாக வாசிப்பான். விளைவு விழா அன்று இடாப்பைத் திறக்கும்போது தெரியும். பட்டியலில் சரி விழாத பெயர்களில் சில அன்றைக்கு வரவில்லை. வகுப்பாசிரியருக்கு அந்தப் பிள்ளைகளின் வீடு தெரியும், தாய்மார் கூலிக்குப் போவதும் தெரியும். அவர்கள் இல்லாத வகுப்பில் நின்றுகொண்டு, அவர்களை வரவிடாமல் செய்த அந்தப் பரிசுப் பொதியைப் பிரிப்பது எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சியான காரியம் ஆகாது. இதை நாங்கள் வெளியே சொல்வதில்லை, சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும் என்பதற்காக. காசு சேர்க்கவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஒரு தாளும் பென்சிலும் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கின்றன.

பெறுமதி கூடிய பொருள்

அரச பாடசாலை ஆசிரியர் ஓர் அரச ஊழியர். அவர் அன்பளிப்புப் பெறுவதற்குத் தாபன விதிக்கோவையில் கட்டுப்பாடுகள் உண்டு. விதியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், விலையான சேலையோ கைத்தொலைபேசியோ தந்த வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும்போது ஆசிரியரின் மனம் சுமைப்படும். புள்ளியைக் கூட்டிப் போட்டதாகப் பிறர் நினைப்பார்களோ என்று அஞ்சி, நியாயமான புள்ளியையே குறைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இதை வைத்து, பெற்றோர் தருவது எதையும் வாங்கக் கூடாது என்று சில இளம் ஆசிரியர்கள் கண்டிப்பாக நிற்கிறார்கள், அதுவும் பிழை. அறுவடை முடிந்து ஒரு தகப்பன் சைக்கிளில் முட்டித் தயிர் கட்டிக்கொண்டு வருவார், அல்லது பாலைப்பழக் காலத்தில் ஒரு தாய் பனையோலைப் பெட்டியில் கொஞ்சம் கொண்டு வந்து வைப்பார். அது தம் வீட்டில் விளைந்ததில் ஒரு பங்கு. அதைத் திருப்பி அனுப்பினால் அவர்களை வாசலிலேயே நிறுத்தியது போலாகும். வாங்கி, ஓய்வறையில் எல்லோருடனும் பகிர்ந்து உண்ணுங்கள். பழைய மாணவர்கள் செலவழித்தே ஆகவேண்டும் என்று விரும்பினால், அந்த ஆசிரியரின் பாடத்துக்கு என்ன தேவை என்று அவரையே கேட்டு, அதை வகுப்பறைக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

பொன்னாடை

ஒருவருக்கு ஒன்று போதும்.

பெறுபேறு வந்த நாளில் மட்டும் நினைத்தல்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் ஐந்தாந்தர ஆசிரியருக்கு மாலை விழுகிறது, பதாகை கட்டுகிறார்கள். அவர் பாடுபட்டவர், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அழுதுகொண்டு வந்த பிள்ளையை முதலாந்தரத்தில் மடியில் வைத்து, பென்சிலைப் பிடிக்கக் கைபிடித்துப் பழக்கியவர் அதே கூட்டத்தில் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளைகளும் அதே மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். மூன்று வார்த்தை வாசிக்கத் தெரியாமல் வந்து, இப்போது ஒரு பக்கம் வாசிக்கிற பிள்ளைக்காக உழைத்த ஆசிரியருக்கு எந்தப் பதாகையும் இல்லை. பெறுபேற்று விழா வையுங்கள். அந்த மேடையில் முதலாந்தர ஆசிரியரின் பெயரையும், அவர் செய்த வேலையையும் சொல்லுங்கள்.

‘இந்தக் கஷ்டப் பிரதேசத்துக்கு வந்து’

‘கஷ்டப் பிரதேசம்’, ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்பவை கல்வி நிருவாகம் இடமாற்றத்துக்கும் மேலதிகக் கொடுப்பனவுக்குமாக வைத்திருக்கும் வகைப்பாடுகள். விருந்தினர் மேடையில் அதை எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி இந்தக் காட்டுக்குள் வந்து படிப்பித்த தியாகி என்று புகழும்போது, கீழே இருக்கும் பிள்ளைகள் அந்தக் காட்டின் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறார். தங்களுக்குப் படிப்பிப்பது ஒருவர் அனுபவித்த தண்டனை என்று அவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். ஆசிரியருக்கும் அந்தப் புகழ்ச்சி கூச்சத்தையே தருகிறது. ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ அவர் கண்ட பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றி அவரையே பேசவிட்டால், இரண்டு பகுதியினரின் முகமும் மலரும்.

நீண்ட உரைகள்

பிள்ளைகள் வெயிலில் இருக்கிறார்கள். சுருக்குங்கள்.

சொல்வதைப் பிற்போடுதல்

நன்றாகப் படிப்பித்த ஒருவரைப் பற்றிய மிகச் சரியான, மிக நுணுக்கமான வரிகளை நான் அதிகம் வாசித்தது அஞ்சலிப் பிரசுரங்களில்தான். அவற்றை எழுதியவர்களில் பலர் இப்போது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அத்தனையும் ஞாபகம் இருந்திருக்கிறது. உரியவர் கேட்கும் காலத்தில்தான் சொல்லவில்லை. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தாலும், ஓய்வுபெற்று ஊரோடு போயிருந்தாலும், கூடப் படிப்பித்த யாரோ ஒருவரிடம் அவருடைய தொலைபேசி இலக்கம் இருக்கும். ஆசிரியர் தினம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எடுக்கும்போது ‘என்னைத் தெரியுதா, ரீச்சர்?’ என்று கேட்டு ஒரு முதிய மனிதரைத் திணற வைக்காமல், உங்கள் முழுப் பெயரையும், எந்த ஆண்டு எந்த வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதையும் முதலில் சொல்லுங்கள். பிறகு நுங்கோ செவ்வரத்தம்பூவோ, உங்களுக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்.