பிஆர்பி ஊசிக்குச் சம்மதிக்கும் முன்னால்

ஒரு வருஷமாகியும் குழந்தை உண்டாகவில்லை, விந்தணு ஆக்சிஜனேற்றத்தால் சேதமாகியிருக்கிறது, பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்ததை விரைக்குள் போடும் ஊசி) போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் விந்துப் பரிசோதனை, சில வார இடைவெளியில் இரண்டு தடவை. 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் எடுத்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் கொண்டு போகிற வேலை வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய சாம்பிள் அது, லேபிலேயே கொடுங்கள். அப்புறம் டாக்டரிடம், நிற்க வைத்து விரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். வெரிகோசில், அதாவது விரைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருப்பது, இந்தச் சேதத்துக்குப் பெரிய காரணம். அதற்கு ஆபரேஷன் இருக்கிறது.

பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் பலன் ரிப்போர்ட்டில் தெரியும்.

சரி, பிஆர்பி என்பது என்ன? உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றுவார்கள். குழாயின் அடியில் சிவப்பு தங்கும், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே நல்லெண்ணெய் நிறத்தில் பிளாஸ்மா. அதில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைத்தான் விரைக்குள் செலுத்துகிறார்கள், அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் திசுவைத் தேற்றும் என்ற நம்பிக்கையில். விலங்கு ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, ஆண்களிடம் நடந்தவை சின்ன ஆய்வுகள்தான். ஆகவே, இது ஆராய்ச்சியா சிகிச்சையா, எழுத்தில் ஒப்புதல் வாங்குவீர்களா, ரத்தக்கசிவோ தொற்றோ வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள்.