குடியை விடக் கூட்டம் தேடுகிறீர்களா? திருகோணமலையில் நாம் விடும் தவறுகள்

அண்ணனின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். குடியை விடுகிறேன் என்று அவர் முதன்முதலாக வாய்திறந்து சொன்ன வாரம், இருவரும் மூதூரிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை நகரத்துக்கு வந்தோம். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில் ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) கூட்டம் நடக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மண்டபம் பூட்டிக் கிடந்தது. பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அண்ணன் மதுக்கடைக்குள் நுழைந்துவிட்டார். குடிக்க ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்த மனதுக்கு அந்தப் பூட்டு போதுமானதாக இருந்தது.

தொலைபேசியில் விசாரிக்காமல் புறப்பட்டதுதான் நாங்கள் விட்ட தவறு. இந்தக் குழுக்களுக்குச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இல்லை. குடியை விட்டவர்களே நடத்துகிறார்கள். ஒருவர் இடம்மாறினால் நாளும் நேரமும் மாறும். இணையத்தில் உள்ள பட்டியல் பழையதாக இருக்கலாம். ஆகவே முதலில் ஓர் ஆளுடன் பேசுங்கள். கூட்டம் இப்போதும் நடக்கிறதா, தமிழிலா சிங்களத்திலா, முடியும் நேரத்தில் மூதூருக்கோ குச்சவெளிக்கோ பஸ் இருக்குமா என்று கேளுங்கள். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பதையும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும், துணைக்குப் போகிறவர் வெளியில்தான் நிற்க வேண்டும். வாசலில் ஒருவர் காத்திருப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். முதல் நாளில் வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அடுத்த தவறு உயிரையே பறிக்கக்கூடியது. கூட்டத்துக்குப் போவதற்கு முன் “சுத்தமாக” இருக்க வேண்டும் என்று எண்ணி, நாள்தோறும் சாராயமோ கசிப்போ நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலையும் வரலாம். வீட்டில் இதைப் பேய்க்குணம் என்று சொல்லி நூல் கட்டிக்கொண்டிருந்தால் ஆள் கைதவறிப் போவார். 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். இந்த நாட்களை மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்து வைத்தியர்கள் கடத்திவிடுவார்கள். அது வைத்தியசாலையின் வேலை. கூட்டம் அதற்குப் பிறகான வாழ்க்கைக்கு.

இன்னொன்றைக் கோபத்தோடே சொல்கிறேன். ஆளுக்குத் தெரியாமல் சோற்றிலும் தேநீரிலும் குடியை நிறுத்தும் மாத்திரை கலந்து கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும், சாவும் நேரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. குடிப்பவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. ஏமாற்றப்பட்டதை அறிந்தவர் அதன்பின் வீட்டில் யார் கூப்பிட்டாலும் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்.

கோணேசரிடம் நேர்ந்துகொண்டவர்களும், ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் தொடாதவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த விரதம் பொய்யில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் பின்னேரம் யாரோடு உட்காருவது என்ற கேள்விக்குத்தான் கூட்டம் வேண்டியிருக்கிறது. சில இடங்களில் கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடப்பதைப் பார்த்து மதமாற்றம் என்று பயப்படுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, கட்டணமும் இல்லை. குடியை விடும் விருப்பம் மட்டுமே தகுதி.

யாராவது கண்டுவிடுவார்களே என்ற வெட்கமும் தடுக்கிறது. அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: வீதியோரத்தில் விழுந்து கிடந்ததை ஊரே கண்டது, கூட்டத்தில் காண்பவர் அதே துன்பத்தைப் பட்டவர், வெளியில் பெயர் சொல்லமாட்டார். ஒரு தடவை போய்விட்டுப் பிடிக்கவில்லை என்று நிறுத்துவதும் தவறு. நாலைந்து தடவையாவது போக வேண்டும்.

வீட்டாருக்கென்று தனியாக அல்-அனான் இருக்கிறது. 1951இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஏ.ஏ.-இன் நிறுவுநர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். அண்ணியை அதன் இணையவழிக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு ஒரு வருடம் தாமதமாகியே புத்தி வந்தது.

பக்கத்தில் குழு இல்லை என்று கைவிடுவதுதான் கடைசித் தவறு. 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரனில், குடிக்கத் துடித்த பில் வில்சன் ஹோட்டலில் இருந்த தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தன்னைப்போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் மருத்துவர் பொப் ஸ்மித். பதினைந்து நிமிடம் மட்டும் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஏ.ஏ. அங்கிருந்து பிறந்தது. இரண்டு மூன்று பேர் கூடினாலே குழு என்று அவர்களின் மரபும் சொல்கிறது. வைத்தியசாலையில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் தம்பலகாமத்துக்காரர். இருவரும் இலக்கங்களை மாற்றிக்கொண்டார்கள். பிறகு மூன்றாவது ஆள் ஒருவர் சேர்ந்தார். வாரம் ஒரு பின்னேரம், ஒரு வீட்டு விறாந்தையில், வெறும் தேநீரோடு உட்காருகிறார்கள். எந்த ஊரில் என்று நான் எழுதமாட்டேன்.