டெசராக்டை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய: 'நோ' வரிகளைப் படியுங்கள்

பாளையங்கோட்டையில் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். சில வருடமாக ஒரு நூலகத்துக்குப் பழைய மாத இதழ்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. அங்கே எனக்குக் கொடுத்த கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்), 4 ஜி.பி. ராம். சூடோ அனுமதி, அதாவது கணினி முழுவதற்கும் மென்பொருள் நிறுவும் நிர்வாகி உரிமை, கிடையாது. கணினிப் பொறுப்பாளர் வியாழக்கிழமைதான் வருவார்.

நான் பயன்படுத்துவது டெசராக்ட், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள். உபுண்டு 22.04 தரும் பதிப்பு 4.1.1. எனக்கு வேண்டியது 5. அது எழுத்தை அடையாளம் காணும் கணக்கை டபுள் என்ற நீளமான எண் வகைக்குப் பதிலாக ஃப்ளோட் என்ற குட்டையான எண் வகையில் போடுகிறது. கிழட்டுக் கணினியில் நேரம் மிச்சம். ஆகவே சோர்ஸை (நிரலின் மூல வரிகளை) இறக்கி, என் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே கம்பைல் செய்தேன், அதாவது ஓடும் நிரலாகக் கட்டினேன். அதே வழியைப் பலருக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் போனில் சொல்வதுபோலக் கட்டளைகளை ஒலியாகவே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டெசராக்ட் தனி ஆள் இல்லை. படத்தைத் திறந்து படிக்கிற வேலையை லெப்டோனிகா என்ற நூலகம்தான் செய்கிறது (இது புத்தக நூலகம் இல்லை, மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). பி.என்.ஜி. படம் என்றால் லெப்டோனிகா லிப்-பி.என்.ஜி.யை நாடும், லிப்-பி.என்.ஜி.க்கு இசட்-லிப் வேண்டும். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். நான் முதல் தடவை நடுவிலிருந்து தொடங்கினேன்.

மூன்று படி: கான்ஃபிகர் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும், மேக் கட்டும், மேக் இன்ஸ்டால் உரிய இடத்தில் வைக்கும். லெப்டோனிகாவின் டார் கோப்பைப் பிரித்து, உள்ளே போய், டாட் ஸ்லாஷ் கான்ஃபிகர், ஒரு இடைவெளி, இரட்டைக் கோடு ப்ரிஃபிக்ஸ் ஈக்வல் டு டாலர் ஹோம் ஸ்லாஷ் லோக்கல். எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்லும் இந்த ப்ரிஃபிக்ஸ்தான் சூடோ இல்லாதவர்களுக்குக் கதி. இதைச் சொல்லாவிட்டால் எல்லாம் யூ.எஸ்.ஆர். லோக்கலுக்குள் போகப் பார்க்கும், மேக் இன்ஸ்டாலில் 'பெர்மிஷன் டினைடு' என்று முகத்தில் அடிக்கும். எனக்கு கான்ஃபிகர் ஓடியது, மேக் ஓடியது, மேக் இன்ஸ்டால் ஓடியது. ஒரு எரர் இல்லை. டெசராக்டும் அப்படியே முடிந்தது. ஸ்கேன் செய்த ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். 'ஃபங்ஷன் நாட் பிரசென்ட்' என்றது.

தமிழ் டேட்டா கோப்பு பழுதோ என்று மறுபடி இறக்கினேன். படம்தான் கெட்டுப்போயிற்றோ என்று மறுபடி ஸ்கேன் செய்தேன். அரை நாள் போயிற்று. பிறகுதான் அந்த வரியை முழுசாகப் படித்தேன். 'பிக்ஸ் ரீட் ஸ்ட்ரீம் பி.என்.ஜி.' என்று அதிலேயே பெயர் இருந்தது. லெப்டோனிகாவின் கான்ஃபிக் டாட் லாக் கோப்பைத் திறந்தால், எப்போதோ சொல்லிவிட்டிருக்கிறது: 'செக்கிங் ஃபார் லிப்-பி.என்.ஜி... நோ'. பி.என்.ஜி. படிக்கத் தெரியாத லெப்டோனிகாவைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அது இல்லாமலும் லெப்டோனிகாவைக் கட்ட முடியும் என்பதால் கான்ஃபிகர் நிற்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டது. நான்தான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

ஆகவே கான்ஃபிகரைச் சும்மா ஓட விடாதீர்கள். கடைசியில் பைப் போட்டு, டீ என்ற கட்டளையால் ஒரு கோப்பிலும் சேமியுங்கள். பிறகு 'நோ' என்று முடியும் வரிகளை மட்டும், வரி தேடும் க்ரெப் கட்டளையால் எடுங்கள். நிறைய வரும், பயம் வேண்டாம். 'வெதர் வி ஆர் கிராஸ் கம்பைலிங்... நோ' என்றால் நல்லதுதான்: வேறு வகைக் கணினிக்காக இல்லை, இதே கணினிக்குத்தான் கட்டுகிறோம் என்று அர்த்தம். நூலகத்தின் பெயரோடு வருகிற 'நோ'தான் கவனிக்க வேண்டியது. இன்னொரு பிடியும் உண்டு. கான்ஃபிகரிடம் இரட்டைக் கோடு வித் லிப்-பி.என்.ஜி. என்று வாய்விட்டுக் கேட்டால், கிடைக்காதபோது நழுவாமல் அங்கேயே நின்று எரர் தரும். எனக்கு அவசியம் என்று தெரிந்தவற்றை இப்போதெல்லாம் இப்படித்தான் கேட்கிறேன்.

"என் கணினியில் பி.என்.ஜி. படம் எல்லாம் திறக்கிறதே அக்கா, லிப்-பி.என்.ஜி. எப்படி இல்லாமல் போகும்?" என்று கேட்பார்கள். ஓடுவதற்கான நூலகம் இருக்கும். நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் இருக்காது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியில் வரும். சூடோ இருந்தால் ஆப்ட் இன்ஸ்டால் லிப்-பி.என்.ஜி.-டெவ் என்று ஒரே வரியில் முடிந்தது. எனக்கு வியாழன் வர மூன்று நாள் இருந்தது. அதனால் இசட்-லிப்பையும் லிப்-பி.என்.ஜி.யையும் அதே ப்ரிஃபிக்ஸில் நானே கட்டினேன். இதில் ஒரு கண்ணி: லிப்-பி.என்.ஜி.யின் கான்ஃபிகர் என் ஹோமுக்குள் இருக்கும் இசட்-லிப்பைத் தானாகத் தேடி வராது. சி.பி.பி.ஃப்ளாக்ஸ் என்ற மாறியில் மைனஸ் பெரிய ஐ போட்டு லோக்கலின் இன்க்லூட் ஃபோல்டரையும், எல்.டி.ஃப்ளாக்ஸ் என்ற மாறியில் மைனஸ் பெரிய எல் போட்டு லிப் ஃபோல்டரையும் காட்டிக் கொடுக்க வேண்டும்.

லெப்டோனிகாவும் டெசராக்டும் வேறு விதம். எந்த நூலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பி.கே.ஜி.-கான்ஃபிக் என்ற கருவியைக் கேட்டுத்தான் அவை தேடும். அதற்காக பி.கே.ஜி. கான்ஃபிக் பாத் என்ற மாறியை லோக்கல், லிப், பி.கே.ஜி.கான்ஃபிக் ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். இதை மறந்தால் டெசராக்டின் கான்ஃபிகர், லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும், லிப்-லெப்டோனிகா-டெவ் பொதியை நிறுவிப் பார் என்று யோசனை சொல்லும். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். லெப்டோனிகா உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது இருக்கும் அறையைக் காட்டாததுதான் குறை.

கிட்ஹப்பிலிருந்து இறக்கிய டெசராக்ட் சோர்ஸில் கான்ஃபிகர் கோப்பே இருக்காது, தேட வேண்டாம். முதலில் டாட் ஸ்லாஷ் ஆட்டோஜென் டாட் எஸ்.ஹெச். ஓட்டினால் அது உருவாகும். ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் இதற்கு வேண்டும். எனக்கு ஏற்கனவே இருந்தன.

மேக்கில் மைனஸ் ஜே பற்றி ஒரு வார்த்தை. எண் கொடுக்காமல் வெறும் மைனஸ் ஜே போட்டால், ஒரே நேரத்தில் எத்தனை வேலை முடியுமோ அத்தனையையும் தொடங்கிவிடும். 4 ஜி.பி. கணினியில் மவுஸ்கூட நகரவில்லை, பவர் பட்டனைத்தான் அழுத்தினேன். 2 என்று கொடுங்கள். மெதுவாக முடியட்டும்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் டெசராக்ட் மைனஸ் வி அடியுங்கள். முதல் வரியில் டெசராக்டின் பதிப்பு, இரண்டாவதில் லெப்டோனிகாவின் பதிப்பு, அதற்கடுத்து லெப்டோனிகாவுக்குள் சேர்ந்த பட நூலகங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அங்கே லிப்-பி.என்.ஜி. இருக்க வேண்டும். அன்றைக்கு இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் என் அரை நாள் தப்பியிருக்கும். முதல் வரியிலேயே 4.1.1 என்று வந்தால் ஓடுவது பழையது. லோக்கலின் பின் ஃபோல்டரை, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தின் முன்னால் சேர்த்து, ஹேஷ் மைனஸ் ஆர் அடியுங்கள். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும். பகிர்வு நூலகம் (நிரல் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் நூலகம்) திறக்கவில்லை என்று புலம்பினால், எல்.டி.டி. கட்டளையில் எது 'நாட் ஃபவுண்ட்' என்று பார்த்துவிட்டு, எல்.டி. லைப்ரரி பாத்தில் லோக்கலின் லிப் ஃபோல்டரைச் சேருங்கள். சூடோ போட்டு யூ.எஸ்.ஆர். லோக்கலில் நிறுவியவர்கள் எல்.டி.கான்ஃபிக் ஒரு தடவை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழுக்கான கோப்பு டாம் டாட் ட்ரெய்ன்ட் டேட்டா. லோக்கல், ஷேர், டெஸ்டேட்டா ஃபோல்டரில் போட்டு, மைனஸ் எல் டாம் என்று மொழியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆங்கிலமாகவே படிக்கப் பார்க்கும். பெஸ்ட், ஃபாஸ்ட் என்று தொகுப்புகள் உண்டு. அச்சு தெளிவாக இருந்தால் ஃபாஸ்ட் போதும் என்பது என் அனுபவம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் கொம்பு வளைத்த லை, னை எழுத்துகளை எப்படியும் கையால்தான் திருத்துகிறேன்.

லெப்டோனிகாவை மறுபடி கட்டும்போது அதன் ஃபோல்டரில் மேக் க்ளீன் போட்டுவிட்டுத் தொடங்கினேன். டெசராக்டைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அது பகிர்வு நூலகமாக லெப்டோனிகாவைப் பிடித்திருப்பதால் புதியதை அப்படியே எடுத்துக்கொண்டது. எல்லாமே வேண்டாம் என்று தோன்றினால், வேறு எதையும் அங்கே போடாதவரை, லோக்கல் ஃபோல்டரை அழித்தால் போதும். சோர்ஸ் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் டாட் லாக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்த கான்ஃபிகர் வரி அப்படியே அதன் தொடக்கத்தில் இருக்கும். அடுத்த பதிப்பு வரும்போது அதைத்தான் நான் காப்பி எடுத்து ஒட்டுகிறேன்.