கோச்சியில் வெல்வருக்கு

சீனன்குடா கோச்சி (ரயில்) ஸ்டேஷனில் பல வருடம் வேலை செய்தவன் நான். தங்கச்சி மகன் ஜேர்மனியில் வெல்வர் என்ற சிறிய ஊரில் இருக்கிறான். இரண்டு தரம் போய் வந்துவிட்டேன். திருகோணமலையிலிருந்து அந்தப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன்.

இரவு மெயில் கோச்சியில் கொழும்பு கோட்டை, அங்கிருந்து 187 பஸ்ஸில் கட்டுநாயக்க. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். விமான டிக்கெட்டை டுசெல்டோர்ஃபுக்கு எடுங்கள். விமான நிலையத்து ஸ்டேஷனில் ஆர்இ 1 என்ற பிராந்திய வண்டி ஏறினால் மாறாமல் ஹம் நகரம் வரை போகலாம். ஹம்மில் இறங்கி, சோஸ்ட் பக்கம் போகும் ஆர்பி 89 என்ற உள்ளூர் வண்டியில் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷனே வெல்வர். கால் மணி நேரம்கூட ஆகாது, அதனால் பெட்டியைக் கையிலேயே வைத்திருங்கள். வண்டி நின்றாலும் கதவு தானாகத் திறக்காது. கதவில் உள்ள பொத்தானில் வெளிச்சம் வந்ததும் அழுத்த வேண்டும். முதல் தரம் நான் கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்று, அடுத்த ஸ்டேஷனான போர்கெல்னில்தான் இறங்கினேன்.

ஒரு மாதம் தங்குவதென்றால் பிள்ளையிடம் சொல்லி 'டொய்ச்லாண்ட் டிக்கெட்' எடுப்பியுங்கள். நாடு முழுக்க ஆர்இ, ஆர்பி, உள்ளூர் பஸ் எல்லாவற்றுக்கும் அது போதும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர வேக வண்டிகளுக்குச் செல்லாது. அது மாதாமாதம் தானாகத் தொடரும். அந்த மாதத்தோடு நிறுத்த 10ஆம் திகதிக்குள் ரத்துச் செய்ய வேண்டும். ஹம்மின் ஊன்ட்ரோப்பில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் அதே டிக்கெட்டில் போய் வரலாம். 2002இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். கோபுரத்தைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெல்வரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அந்த ரயில் பாதையே போதும். ஹம்மிலிருந்து சோஸ்ட் வழியாகப் போகும் அந்தப் பாதை 1850இல் திறந்தது. இலங்கையில் முதல் கோச்சி ஓடியது 1864இல், திருகோணமலைக்கு வந்தது 1927இல். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பழைய கிறிஸ்தவ மடத்துக் கோயிலைப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து கன்னியர்கள் வாழ்ந்த மடம் அது, 1809இல் மூடிவிட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்த்து இன்றைய வெல்வரை உண்டாக்கியது 1969இல்தான்.

அந்தக் கிராமங்களில் ஒன்று ஃபெல்லிங்ஹவுசன். 1761 ஜூலையில் பிரிட்டிஷாரும் அவர்களுடைய ஜேர்மன் கூட்டாளிகளும் பிரெஞ்சுப் படையை அங்கே தோற்கடித்தார்கள். 21 வருடம் கழித்து அதே இரண்டு பேரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். 1782 ஜனவரியில் பிரிட்டிஷார் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடிக்க, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்தார்கள். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலால் போய் வந்து வளர்ந்த எனக்கு, அந்த வயல் ஓரத்தில் நின்றபோது தெரிந்த இடத்துக்கு வந்தது போல இருந்தது.

திரும்பும்போது ஐசிஇ எடுப்பவர்களுக்கு ஒன்று. பெர்லின் பக்கமிருந்து வரும் பல வண்டிகளை ஹம்மில் இரண்டாகக் கழற்றுவார்கள். ஒரு பாதி டோர்ட்முண்ட் வழியாக டுசெல்டோர்ஃபுக்கும், மறு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் போகும். மேடை சரியாக இருந்தாலும் வண்டிப் பெட்டி மாறினால் ஊரே மாறிவிடும். ஏறுமுன் பெட்டியின் வெளித் திரையில் போகும் இடத்தை வாசியுங்கள். உள்ளே போனதும் பக்கத்தில் இருப்பவரிடம் "டுசெல்டோர்ஃப்?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.