அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

என் தையல் கடை அலமாரியில் முப்பதுக்கு மேல் அளவு நோட்டுகள் கிடக்கின்றன. 1994இல் அருப்புக்கோட்டையில் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டேன். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். தோள், மார்பு, கை நீளம், முன் உயரம், பின் உயரம், அடியில் கொடுத்த முன்பணம்.

ஒரு டீச்சரம்மா முதல் வருடத்திலிருந்து என்னிடம்தான் தைக்கிறார். 2019 தை மாதம் புது ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "பின்னாடி தூக்குது. துணியை மிச்சம் பிடிச்சிட்டியா?" என்று சிரித்தார். மேஜையில் விரித்து அளவு ஜாக்கெட்டோடு வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. அவரையே நிற்க வைத்து டேப் பிடித்தேன். பின் உயரம் முக்கால் இஞ்ச் கூடியிருந்தது, முன் உயரம் அரை இஞ்ச் குறைந்திருந்தது. முதுகு கூன ஆரம்பித்திருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

அவர் போனதும் பழைய நோட்டுகளை இறக்கித் தேடினேன். அவர் இடுப்பு 1996இல் 28, 2008இல் 33, 2019இல் 37. நடுவில் எந்த வருடமும் ஒரேயடியாக ஏறவில்லை. கால் இஞ்ச், அரை இஞ்ச். நான்தானே ஒவ்வொரு முறையும் பக்க ஓரத்தைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன்!

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு என் அளவை எடுத்து, நடப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே என் சேமிப்புக் கணக்கு இருந்தது. வேறு இடமில்லாததால் பக்கத்திலேயே எழுதினேன், அவ்வளவுதான். இப்போது எனக்கு 59. போன மாதம் என் தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, உங்களுக்கு மட்டும் எப்படி முட்டி வலியும் இல்ல, கடனும் இல்ல?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இளமை திரும்பக் கிரீம், மாத்திரை என்று எதுவும் என்னிடம் இல்லை. மனிதரின் முதுமையை மெதுவாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. எவராவது விற்றால் பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேப். இடுப்பைப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். அந்த இடம் ஆளுக்கு ஆள் இறங்கும், ஏறும், பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எங்கள் கணக்கில் முப்பத்தொன்றரை இஞ்ச், முப்பத்தைந்தரை இஞ்ச். அதைத் தாண்டினால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. அன்றைக்கு எனக்கு 35.

அப்புறம் நாற்காலி. இது என் மகள் சொல்லிக் கொடுத்தது, அவள் நர்ஸ். கைப்பிடி இல்லாத, சுமார் 17 இஞ்ச் உயர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழ் வந்தால் சராசரிக்கும் குறைவு. எனக்கு அப்போது வயது 53, வந்தது 9. மகள் ஒன்றும் சொல்லவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டு என் தொடையை அமுக்கிப் பார்த்தாள். "அம்மா, பஞ்சு தலையணை மாதிரி இருக்கு" என்றாள்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாக மெலிகிறது. தினமும் பத்து மணி நேரம் மெஷினில் குனிந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வரும். நடந்தால் மட்டும் இது சரியாகாது, எடை தூக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு வாரம் 150 நிமிட மிதமான நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கான வேலை வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நான் செய்வது இவ்வளவுதான். காலையில் கடை திறக்குமுன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று முறை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளுவது, அதே கணக்கு. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி நான்கு தடவை. அயர்ன் போட நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. முதல் மாதம் கேனில் பாதித் தண்ணீர்தான் ஊற்றினேன். முட்டியில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. நான் மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்கிறேன். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்துகிறது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றுதான், புரதம். முன்பெல்லாம் என் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு சின்னக் குளமாகவும் இருக்கும். இப்போது காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலையோ. உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது நம் நாட்டு அளவுகோல். 60 கிலோ இருக்கும் எனக்கு நாளுக்கு 50 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான், ஆகவே முட்டையை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

தூக்கம்தான் எனக்குச் சிரமம். தீபாவளி வந்தால் ராத்திரி இரண்டு மணி வரை மெஷின் ஓடும். இப்போது தீபாவளிக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்பே 'ஆர்டர் எடுக்கப்படமாட்டாது' என்று அட்டை தொங்கவிடுகிறேன். முதல் வருடம் வருமானம் குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் எல்லாரும் முன்னதாகவே துணியைக் கொடுத்துவிட்டார்கள்.

வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) பார்க்கிறேன். அந்தச் சர்க்கரை எண் 5.7க்குக் கீழ் இருந்தால் சரி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் எச்சரிக்கை. எனக்கு 2019இல் 6.1, போன மாசியில் 5.6. இரண்டையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இனி பணம். இதில் நான் முதலில் கற்றது அடி வாங்கித்தான். 2004இல் பதிவு செய்யாத ஏலச்சீட்டு ஒன்றில் மாதாமாதம் கட்டி 40,000 ரூபாய் போனது. சீட்டுப் பிடித்தவர் தெரிந்த முகம் என்பதே எனக்கு ஜாமீனாகப் பட்டது. சீட்டே கூடாது என்று சொல்லமாட்டேன். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுக்குக் கணக்கும் கேள்வியும் உண்டு, சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கும் 7 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. பதிவு எண் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் மட்டும் போடாதீர்கள்.

சீட்டுப் பணம் போனதை அடைக்க மூன்று வட்டிக்கு வாங்கினேன். 'மூணு வட்டி' என்று சொல்லும்போது எவ்வளவு இளைத்துத் தெரிகிறது பாருங்கள்! மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36. இதற்கு ஒரு வாய்க்கணக்கு இருக்கிறது: 72ஐ வருட வட்டியால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் வருடம் கிடைக்கும். 36 வட்டியில் கட்டாமல் விட்ட கடன் இரண்டே வருடத்தில் இரட்டிப்பு. அதே 72ஐ, அஞ்சலகத்தில் நீண்ட நாள் சேமிப்புக்கு இப்போது தரும் 7.1ஆல் வகுத்தால் பத்து வருடம். இதைப் பார்த்த பிறகு சேமிப்பையெல்லாம் நிறுத்திவிட்டு அந்தக் கடனைத்தான் முதலில் அடைத்தேன். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்தது, தையல்காரி சொல்கிறேன், உள்தையலுக்குத் துணி விடுங்கள். ஓரத்தில் ஒரு இஞ்ச் விட்டுத் தைத்த ஜாக்கெட்டை ஐந்து வருடம் கழித்தும் பிரித்துப் போடலாம். ஆறு மாத வீட்டுச் செலவு, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில், எந்த லாபமும் எதிர்பார்க்காமல். இதைச் சேர்க்க எனக்கு நான்கு வருடம் ஆனது. எங்கள் தொழிலில் ஆடியும் மார்கழியும் காற்று வாங்கும், தையிலும் வைகாசியிலும் மூச்சு விட நேரமிருக்காது. அதனால் மாதம் இவ்வளவு என்று வைக்காமல், பத்து ஜாக்கெட்டில் ஒரு ஜாக்கெட் கூலி டப்பாவுக்கு என்று வைத்தேன். பத்தாவது ஜாக்கெட் தைத்து முடித்ததும் காசு பட்டன் டப்பாவுக்குப் போகும். வாரம் ஒரு முறை அங்கிருந்து அஞ்சலகத்துக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடை மூடியபோது அந்த உள்தையல் துணிதான் எங்களை உடுத்தியது. முகக்கவசம் தைத்துக் கொஞ்சம் வந்தது, மற்றபடி மூன்று மாதம் அதிலேயே ஓடியது.

நீண்ட நாள் சேமிப்புக்கு 2006 ஜூனில் அஞ்சலகத்தில் பிபிஎஃப் (அரசின் பொது சேமநல நிதி) ஆரம்பித்தேன். மாதம் 2,000. வருடத்துக்குக் குறைந்தது 500, கூடினால் ஒன்றரை லட்சம் போடலாம். பதினைந்து வருடக் கணக்கு. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி போட்டால் அந்தப் பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடையாது. நான் இரண்டு வருடம் 10ஆம் தேதி 10ஆம் தேதியாகப் போய் நின்றேன், கவுன்ட்டரில் இருந்த பெண்தான் ஒருநாள் மெல்லச் சொன்னாள். 2022 ஏப்ரலில் முதிர்ந்தபோது, 3,80,000 கட்டியது ஏழு லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி நின்றது. எடுக்கவில்லை, ஐந்து வருடம் நீட்டிவிட்டேன். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1. நான் ஆரம்பித்தபோது 8.

விலைவாசியை மிஞ்ச இது மட்டும் போதாது என்று மருமகன் 2017இல் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 1,000 ரூபாய் போடச் சொன்னார். நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகளில் துளித்துளியாகப் பங்கு. எவரும் உட்கார்ந்து பொறுக்குவதில்லை, அதனால் செலவும் குறைவு. கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது, அதையே கேளுங்கள். 2020 மார்ச் கடைசியில், 34 ஆயிரம் போட்டிருந்தது 25 ஆயிரத்துச் சொச்சம் என்று போனில் காட்டியது. கடையும் மூடிக் கிடக்கிறது. "எடுத்துரவா மாப்பிள்ளை?" என்று இரண்டு தடவை கேட்டேன். "உங்களுக்கு இப்போ அந்தக் காசு வேணுமா அத்தை?" என்றார். வேண்டாம், டப்பாக் காசு இருந்தது. அதனால் தொடவில்லை. வருட முடிவுக்குள் நஷ்டம் மறைந்துவிட்டது. உள்தையல் துணி இல்லாதவர் இந்த ஃபண்டுப் பக்கம் போகவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். விழுந்த நேரத்தில் விற்க நேர்ந்தால் நஷ்டம் உங்களோடே தங்கிவிடும்.

நகையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வாங்கும்போதே செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி போய்விடுகிறது. போட்டுக்கொள்ள ஆசையா, வாங்குங்கள். சேமிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். என் அம்மா இதைக் கேட்டால் அடிப்பார்கள்.

கடைசிப் பக்கத்தை எப்படி எழுதுவது என்றால், நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் இடுப்பு, நாற்காலி எண்ணிக்கை, எடை. வலது பக்கம் கடன், டப்பா, பிபிஎஃப், ஃபண்ட். மாதம் ஒரே ஒரு நாள், நான் 3ஆம் தேதி, பிபிஎஃப் போடும் நாளிலேயே. பேனாவில் எழுதுங்கள், பென்சில் அழியும். ஃபண்ட் கணக்கைத் தினமும் பார்க்காதீர்கள், எடையையும்தான். இந்த மாதம் என் வரி: இடுப்பு 32, நாற்காலி 15, கடன் 0.

டீச்சரம்மாவும் ஸ்டூலில் உட்கார்ந்து எழ ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. எலும்புக்கு மருந்தும் சாப்பிடுகிறார். போன வாரம் பேத்தி கல்யாணத்துக்கு லைனிங் ஜாக்கெட் தைக்க வந்தார். டேப் பிடித்தேன். பின் உயரம் 2023இல் எழுதியது எதுவோ அதே. "அப்போ பழைய அளவுலயே வெட்டு" என்றார். வெட்டினேன், ஓரத்தில் ஒரு இஞ்ச் விட்டு.