எம்பெட் கோடை ஒட்டினால் மட்டும் போதாது

வேறு தளத்தில் இருக்கும் வீடியோவை நம் பக்கத்திலேயே காட்டும் துண்டு நிரல்தான் எம்பெட் கோடு. யூடியூபிலிருந்து அதை எடுத்துக் கட்டுரைக்குள் ஒட்ட அரை நிமிடம் போதும். ஆனால் வாசகர் பிளே பட்டனைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கோடு உருவாக்கும் ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் வேறொரு தளத்தைக் காட்டும் சட்டம்), பிளேயருக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முதலானவற்றைப் பல நூறு கிலோபைட் அளவுக்கு இறக்கிவிடும். ஒரே பக்கத்தில் ஐந்து வீடியோ இருந்தால், கோப்புகள் கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பில்) இருந்தாலும் ஐந்து பிளேயர்களும் தனித்தனியாக இயங்கியாக வேண்டும். விலை குறைந்த போன்கள் திணறுவது அங்கேதான். இத்தனைக்கும் வந்தவர்களில் பலர் ஒரு வீடியோவைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

ஐஃப்ரேமில் லோடிங் என்ற பண்புக்கு லேஸி என்று கொடுத்தால் (loading="lazy"), வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் பிளேயர் இறங்கும். அதைவிட நல்ல வழி, முகப்புப் படத்தை மட்டும் காட்டி, தொட்ட பிறகே பிளேயரைக் கொண்டுவருவது. லைட் யூடியூப் எம்பெட் என்ற இலவச நிரல் இதைத்தான் செய்கிறது. ஆனால் லேஸி நல்லது என்று கேள்விப்பட்டுப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய படத்துக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். முதலில் தெரிய வேண்டியதே தாமதமாகிறது. முதன்மையான படமோ உரையோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

படத்துக்கும் வீடியோவுக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடாமல் விடுவது அடுத்த தவறு. படம் இறங்கியதும் எழுத்துகள் கீழே துள்ளும். இணைப்பைத் தொடப்போன விரல் விளம்பரத்தில் விழும். ஷார்ட்ஸ் போன்ற நெட்டை வீடியோவை 16:9 (அகலம்:உயரம்) பெட்டிக்குள் திணித்து இருபக்கமும் கறுப்புப் பட்டை காட்டுவதும் வேண்டாம். அதற்கு 9:16 என்று கொடுக்கலாம்.

வீடியோவைச் சொந்த சர்வரில் வைப்பவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தைய மாடல்களும் வழக்கமாக ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவுசெய்கின்றன. அந்தக் கோப்பை அப்படியே ஏற்றினால் சில கணினிகளில் ஓடாது; ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறையில் எம்பி4 ஆக மாற்றியே ஏற்றுங்கள். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பல நேரம் கோப்பின் கடைசியில் இருக்கும். பிரவுசர் அதைத் தேடிப் பிடிக்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும். அசையும் படத்துக்கு ஜிஃப் எதற்கு? ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள்தான், கோப்போ பெரியது. ஒலியில்லாத எம்பி4 போதும்.

தானாக ஓடும் வீடியோ எனக்குப் பிடிக்காது. ஒலியோடு தானாக ஓடுவதை 2018இலேயே குரோம் தடுக்க ஆரம்பித்துவிட்டது. அதைச் சுற்றிப்போக வழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வசன வரிகளை மறக்க வேண்டாம். நிகழ்ச்சி அழைப்பிதழை வெறும் ஜேபெக்காகப் போட்டால் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்காது. தேதியையும் இடத்தையும் எழுத்திலும் கொடுங்கள்.

எங்கிருந்தோ எடுத்த படத்தின் கீழே "நன்றி: கூகுள்" என்று போடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கூகுள் அதைத் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். படத்தின் உரிமை எடுத்தவருடையது. நன்றி சொல்வதால் அனுமதி கிடைத்துவிடாது. பிறர் வீடியோவை இறக்கி உங்கள் சர்வரில் ஏற்றுவதும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது, எம்பெட் ஒருநாள் காணாமல் போகும் என்பது. 2020 அக்டோபரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எம்பெட்டுகளுக்கு யாரும் அனுமதிக் குறியீடின்றிப் பயன்படுத்திய பழைய திறந்த வழி மூடப்பட்டது. வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ்ஸும் அந்த வசதியைக் கைவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 31உடன், பழைய வலை வீடியோக்களை ஓட்டிய ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. சேனல்காரர் வீடியோவை நீக்கினாலும், வெளித்தளங்களில் காட்டும் அனுமதியை எடுத்தாலும் இதே கதிதான். "கீழே உள்ள வீடியோவைப் பாருங்கள்" என்ற ஒரே வரியோடு நிற்கும் கட்டுரையில் அப்போது மிஞ்சுவது சாம்பல் பெட்டி. யார், எப்போது, என்ன பேசினார் என்பதை உரையிலும் எழுதி, மூல இணைப்பையும் கொடுங்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) பதிவின் எம்பெட் கோடில் பதிவின் வாசகமும் மேற்கோளாகச் சேர்ந்தே வரும். கோடு நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடாத நாளிலும் அந்த எழுத்து பக்கத்தில் இருக்கும்.