காருக்குள் இருக்கும் போலி மரத்தைக் கறுப்பாக்குவது எப்படி

மரம் போலத் தெரியும் பிளாஸ்டிக் எனக்கு ஆகவே ஆகாது. பழைய கார் ஒன்றை வாங்கியபோது இன்ஜின், டயர் எல்லாம் திருப்தி. கியரைச் சுற்றியும் கதவுகளிலும் தேக்கு வேஷம் போட்டுப் பளபளத்த பட்டைகள்தான் கண்ணை உறுத்தின. கழற்றி, மங்கலான கருஞ்சாம்பல் நிறம் அடித்து மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மைத்துனர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறம் இந்த வேலை என்னை விடவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். ஆனால் பெயின்ட் அடிப்பது இதில் கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் கழுவுவதும் தேய்ப்பதும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வினைல் ஷீட் ஒட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. தட்டையான பட்டைகளுக்கு அது நன்றாகவே இருக்கும். வளைவு அதிகமுள்ள பாகத்தில்தான் ஓரம் கொஞ்ச நாளில் எழும்பிவிடும்.

முதலில், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 'எஸ்ஆர்எஸ்' அல்லது 'ஏர்பேக்' என்று பொறித்திருக்கும் எந்த மூடியிலும் பெயின்ட் வேண்டாம். ஸ்டீரிங் நடு மூடி, பயணி பக்க டாஷ்போர்டு, சில கார்களில் சீட்டின் பக்கவாட்டும் கூரையோரத் தூண்களும் இதில் அடக்கம். விபத்தில் உள்ளிருக்கும் ஏர்பேக் விரியும்போது அந்த மூடிகள் குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டவை, பெயின்ட் அதைக் கெடுத்துவிடலாம். டாஷ்போர்டின் மேல்பரப்புக்கு வெளிர் நிறமோ பளபளப்போ கூடாது. வெயிலில் முன்கண்ணாடி முழுக்க அதன் பிம்பம்தான் தெரியும், ரோடு தெரியாது. வெளிர் நிறத்தைக் கறுப்பாக்குவது சுலபம். கறுப்பைப் பழுப்பு வெள்ளையாக்க நினைத்தால் கோட் மேல் கோட் போகும், கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் கறுப்பு பல்லைக் காட்டும். நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

காரில் வைத்தபடியே மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். ஓரங்களில் கோடு விழும், பெயின்ட் தூசி சீட்டெல்லாம் படியும், மூடிய இடத்தில் அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும். கழற்றித்தான் ஆகவேண்டும். பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வைத்தால் ஓரம் பள்ளமாகிவிடும். இழுத்தும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். சுவிட்ச் வயர்களைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஒவ்வொரு படியையும் போனில் படமெடுங்கள். மாட்டும்போது அதுதான் துணை.

கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே 'ஏபிஎஸ்' (ABS) என்றோ 'பிபி' (PP) என்றோ பிளாஸ்டிக்கின் வகையை அச்சிட்டிருக்கும். வேலையின் தலையெழுத்தே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஏபிஎஸ் பெயின்ட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், மெழுகு போன்றது. அதன் மேல் சும்மா அடித்தால் நகத்தால் சுரண்டி உரித்துவிடலாம். அதற்கு 'அடிஷன் ப்ரமோட்டர்' என்று பெயின்ட்டைப் பிடிக்கவைக்கும் தனி ஸ்ப்ரே இருக்கிறது, கழுவித் தேய்த்து முடித்ததும் அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும் என்பார்கள். டால்க் தூள் கலந்த பிபியும் மூழ்குவதுண்டு என்பதால் நான் எழுத்தையே நம்புகிறேன்.

அடுத்தது கழுவல். முன்னால் வைத்திருந்தவர் டாஷ்போர்டு பாலிஷ் போட்டுப் போட்டு வளர்த்திருப்பார். அதிலுள்ள சிலிகான் மிச்சமிருந்தால் பெயின்ட் அங்கங்கே விலகி, மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, அலசி, காயவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தேய்த்த பிறகு கழுவலாம் என்று தள்ளிப்போட்டால், உப்புத்தாளே அந்தச் சிலிகானைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். கையில் பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பூச்சுள்ள பாகமா? அதே ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தேய்த்தால் பூச்சு உருண்டு வந்துவிடும். முழுவதும் எடுத்த பிறகே மேலே போகவும்.

பளபள மரப் பட்டையை 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 600-இல் முடியுங்கள், தண்ணீர் தொட்டு. மேல் வார்னிஷ் முழுக்க மங்கினால் போதும், மரப்படத்தை உரித்தெடுக்கத் தேவையில்லை. எங்காவது தேய்ந்து கீழே பிளாஸ்டிக் தெரிந்தால் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அந்த விளிம்பை மறைத்துவிடும். தோல் போலச் சொரசொரப்புள்ள கதவுப் பகுதிகளில் உப்புத்தாள் வேண்டாம், அந்த வடிவமே அழிந்துபோகும். சாம்பல் நிற ஸ்கஃப் பேட், அதாவது தேய்க்கும் நார்ப் பட்டை, போதும். குரோம் பூச்சு இருந்தால் மினுமினுப்பு எங்கும் தெரியாதபடி தேய்த்த பிறகே பிரைமர். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஆல்கஹாலால் துடைத்து, அதற்கப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள்.

காற்றோட்டமான, தூசி பறக்காத இடம், பெயின்ட் ஆவியை வடிகட்டும் ஆர்கானிக் வேப்பர் முகமூடி, கையுறை, இவை வேண்டும். மழைநாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப் பனி படர்ந்தது போலாகும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் ஸ்ப்ரே கேனை நன்றாகக் குலுக்கி, 20-25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் கோட் பெயின்ட் அடித்ததும் அடி நிறம் பாதி தெரியவேண்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் என்று அடிப்பவர்களுக்குத்தான் பெயின்ட் வழிகிறது. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று அல்லது நான்கு மெல்லிய கோட். கேனின் பின்னால், இத்தனை நேரத்துக்குள் அடுத்த கோட் அடி, தவறினால் இத்தனை மணி கழித்து அடி என்று போட்டிருந்தால் அதை மீறாதீர்கள், சுருங்கிவிடும்.

கை அடிக்கடி படும் இடங்களுக்கு மேட் கிளியர், அதாவது பளபளக்காத நிறமற்ற மேல்பூச்சு, இரண்டு கோட் அடியுங்கள். இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த 2கே கிளியர் உறுதியானதுதான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்குக் கெடுதல், வீட்டு வேலைக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. அதை நம்பி உடனே மாட்டினால் கிளிப் அழுத்தும்போது விரல் ரேகை பதியும். இரண்டு நாளாவது விடுங்கள். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணி மட்டும், பாலிஷ் கிட்டேயே வரக்கூடாது. மிச்சமுள்ள கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தி நாசிலைச் சுத்தம் செய்து வையுங்கள். சாவி கீறினால் கேன் மூடியில் கொஞ்சம் அடித்து, பல்குத்தும் குச்சியால் தொட்டு வைக்க உதவும்.